கேமராவுக்கு இடது பக்கம்

பெங்களூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. காலையில் கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், ஊரிகம் ஸ்டேஷனில் ட்ரெயின் ஏறுவேன், போய்ப் புத்தகங்களுக்கு எண் ஒட்டுவேன், சாயங்காலம் திரும்புவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். ஒரு புத்தகத்தைத் திறக்காமலே அது எந்த அலமாரிக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, திறந்து பார்க்க அங்கே யாரும் நேரம் கொடுப்பதில்லை.

முஸ்லிம் பெண்களைப் பற்றிய இப்போதைய ஆங்கில நாவல்கள் எனக்கு இன்னும் சுலபம். மூன்று மேஜை தள்ளி நின்றாலே தெரிந்துவிடும். அட்டையில் கறுப்புத் துணி, துணிக்கு நடுவே இரண்டு கண்கள், பின்னால் மணல். மணல் கிடைக்காவிட்டால் மினார். உள்ளே அப்பா பொல்லாதவர், அண்ணன் அப்பாவைவிடப் பொல்லாதவன், அம்மா வாயே திறக்க மாட்டார். சமையலறையில் குங்குமப்பூ மணக்கும். கதாநாயகி ஒளித்து வைத்துப் புத்தகம் படிப்பாள், கடைசியில் விமான நிலையத்துக்குப் போவாள். நல்ல நாவல்களும் இருக்கின்றன. மதிய உணவு நேரத்தில் சிலவற்றை முழுசாகவே படித்து, சாப்பாடு ஆறிப்போனதற்கு என்னையே திட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் அவற்றுக்கும் அதே அட்டைதான். ஒருத்திக்காவது ட்ரெயின் தவறியதாகவோ, பல் வலித்ததாகவோ நான் படித்ததில்லை.

இதையெல்லாம் நான் புலம்புவது ட்ரெயினில் எதிர் சீட்டில் உட்காரும் என் தோழியிடம். அவளுக்கும் பெங்களூரில்தான் வேலை, ஒரு பள்ளியில் பௌதிகம் நடத்துகிறாள். ட்ரெயினில் புர்கா போட்டுக்கொண்டு வருவாள். பள்ளி வாசலில் கழற்றி, மடித்து, டிபன் பைக்குள் வைப்பாள். அது மார்க்கத்துக்காகவா, ரயில் தூசுக்காகவா, அயர்ன் செய்யாத சுடிதாரை மறைக்கவா என்று நான் கேட்டதில்லை. என் கழுத்துச் சிலுவையைப் பற்றி அவளும் கேட்டதில்லை. சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளை லைன் என்போம்; ஒரே லைனில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். என் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். அவளுடைய அப்பா வைண்டிங் டிரைவர், அதாவது ஆட்களைக் கேஜில் ஏற்றிக் கீழே விடுகிற இன்ஜினை ஓட்டினவர். அவர் விட்டுத்தான் இவர் இறங்கினார், அவர் இழுத்துத்தான் இவர் மேலே வந்தார். அதற்கு மேல் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை.

அவள் அம்மாவை நானும் அம்மீ என்றுதான் கூப்பிடுவேன். அம்மீயைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். அவர் சிரித்தால் லைனில் கடைசி வீட்டுக்காரர்கள் வெளியே வந்து இன்னா இன்னா என்று கேட்பார்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற ஆண்கள் அம்மீ வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு அம்மீக்கு இன்னும் சிரிப்பு வரும். எங்கள் போதகர் ஆசீர்வாதம் சொல்வதைப் போதகரைவிட நன்றாகச் சொல்லுவார். ஒவ்வொரு டிசம்பரும் எங்கள் சர்ச் நாடகத்தில் கிழக்கிலிருந்து வரும் சாஸ்திரிகள் மூன்று பேருக்கும் ஷெர்வானியும் தலைப்பாகையும் அம்மீ வீட்டிலிருந்துதான் போகும். நாடகத்தன்று முன் வரிசையில் உட்கார்ந்து, சாஸ்திரிகள் மேடை ஏறினதும் முதலில் சிரிப்பதும் அம்மீதான். எங்களுக்கு அது பழகிவிட்டது.

அம்மீ போய் ஆறு வருஷம் ஆகிறது. நாற்பதாம் நாள் முடிந்த அடுத்த வாரம் என் தோழி ட்ரெயினில் ஒரு நீள நோட்டை எடுத்து மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள், ஆங்கிலத்தில். "இன்னாடி எழுதறே?" என்றேன். "அம்மீய," என்றாள். வீட்டில் அம்மீயின் போட்டோ ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. போட்டோவுக்கு நிற்கச் சொன்னாலே சிரித்துவிடுவார், எல்லாவற்றிலும் முகம் ஆடிப்போயிருக்கும். "இந்த நோட்டுல இல்லன்னா அவங்க எங்கியும் இல்லடி," என்றாள். நாலு வருஷம் எழுதினாள். ஊரிகத்திலிருந்து மாரிகுப்பம் வரை வீடு வீடாகப் போய், அம்மீயைப் பற்றி ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். என்னிடமும் கேட்டாள். நானும் சொன்னேன். ஒன்றைத் தவிர எல்லாம் சொன்னேன்.

டில்லியில் ஒரு பதிப்பகம் புத்தகத்தை எடுத்துக்கொண்டது. கடிதம் வந்த அன்றைக்குக் கம்பார்ட்மெண்ட் முழுக்க மைசூர்பாக்கு கொடுத்தாள். அதற்கப்புறம் எடிட்டர் அம்மாளின் கடிதங்கள் வரத் தொடங்கின. மிக மரியாதையான கடிதங்கள். அம்மா எப்போது அழுவார் என்று ஒரு கேள்வி. பால்காரன் மாறினபோது அழுதார் என்று இவள் பதில் எழுதினாள். அம்மாவுக்கு யாரிடம் பயம் என்று அடுத்த கேள்வி. கரப்பான்பூச்சி என்று எழுதினாள். நகைச்சுவை அருமையாக இருக்கிறது, ஆனால் அதன் அடியில் இருக்கும் வலியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். அடியில் ஒன்றும் இல்லை, மேலேயும் கீழேயும் சிரிப்புதான் என்று இவள் எழுதினாள்.

கடைசியில், ஒரு சாவு வீட்டில் அம்மீ சிரித்துவிட்டு வெளியே அனுப்பப்பட்ட அத்தியாயத்தை, இருபத்தெட்டுப் பக்கம், அப்படியே எடுத்துவிட்டார்கள். அந்தச் சமூகத்துப் பெண் அப்படிச் சிரிப்பதை வாசகர் நம்புவது கடினம் என்று காரணம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம்பாவிட்டால் வந்து லைனில் கேட்டுப் பார்க்கட்டுமே! இவள் பேசாமல் ஒத்துக்கொண்டாள். புத்தகம் வந்தால் போதும் என்று நினைத்தாள். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன், ஆனால் புத்தகம் எழுதினவள் நான் இல்லையே.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ட்ரெயின் மாலூர் தாண்டினதும் போனை நீட்டினாள். "அட்டை வந்துகீது. பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லணுமாம்."

பார்த்தேன். கறுப்புத் துணி. இரண்டு கண்கள். பின்னால் மஞ்சள் மணல் மேடு மேடாக. கண்களில் நீர் முட்டிக்கொண்டிருந்தது, ஆனால் விழவில்லை. கீழே எடிட்டர் அம்மாள் எழுதியிருந்தார்: இந்தக் கண்களில் தலைமுறைகளின் மௌனம் தெரிகிறது, எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சிறிது நேரம் பேசவில்லை.

"யார் பெத்த பொண்ணோ," என்றாள் என் தோழி. "எங்கம்மீ புக்குக்கு முன்னாடி வந்து நின்னுகினு அழுவறா. இத்த ஒத்துக்கினா எங்கம்மீ செத்தே போனாங்கன்னு அர்த்தம். புக்கே வேணான்னு வாபஸ் வாங்கிடுவேன்டி."

யார் பெற்ற பெண் என்று எனக்குத் தெரியும். அம்மா பெயர், அப்பா பெயர், ஞானஸ்நானத் தேதி எல்லாம் தெரியும். அந்தக் கண்கள் என்னுடையவை. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். என் ஆதார் அட்டையில்கூட நான் இவ்வளவு நன்றாக விழுந்ததில்லை.

நடந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால். எங்கள் ஊரில் சயனைட் மேடு உண்டு. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கம்பெனிக்காரர்கள் மலை மலையாகக் கொட்டி வைத்தது. காற்றடித்தால் அது எங்கள் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். பாலைவனம் வேண்டுகிற சினிமாக்காரர்கள் ராஜஸ்தான் வரை போக அலுத்து இங்கே வருவார்கள். அப்படித்தான் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டு வைப்பார்களாம், உலகத்தில் யாருக்கு வேண்டுமோ வாங்கிக்கொள்வார்களாம். பாலைவனம் கிடைத்துவிட்டது, ஒரு முஸ்லிம் பெண்மணி வேண்டும் என்றார்கள். இங்கிலீஷ் பேசுகிறவள் என்று லைன்காரர்கள் அவர்களை என் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் என் தோழி வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

அவள் அவர்களை நிற்க வைத்துப் பாடம் எடுத்தாள். எங்களைத் துணி மூட்டையாகப் பார்க்காதீர்கள் என்பதிலிருந்து, அந்த மண்ணில் என்னென்ன விஷம் இருக்கிறது என்பது வரைக்கும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நானும் கிளம்பினேன். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து அம்மீ கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"சனிக்கிழம இவளுக்கு ஸ்கூல் கீது. அவுங்கள மேட்டாண்ட வரச் சொல்லு. நானே வரேன். அவகிட்ட மட்டும் மூச்சு வுடாதே."

"எதுக்கு அம்மீ உங்களுக்கு இந்த வேல?"

"எனுக்குப் போட்டோ புடிக்கறதப் பாக்கணும்டி. இந்த வயசுக்கு என்ன எவன் வந்து கூப்பிடப் போறான்?"

சனிக்கிழமை காலை ஆட்டோவில் போனோம். அம்மீ பங்காரப்பேட்டைக்குப் போனால் மட்டும் போடுகிற பழைய புர்காவைப் போட்டுக்கொண்டு வந்தார். அதன் கழுத்துப் பட்டன் விழுந்துபோய், தன் புருஷனின் கம்பெனிக் கோட்டிலிருந்து ஒரு பித்தளைப் பட்டனைப் பிடுங்கித் தைத்திருந்தார். முகத்திரையைப் போட்டு மேட்டின் மேல் நிற்க வைத்தார்கள். கொஞ்சம் சோகமாக இருங்கள் என்றார் படம் எடுப்பவர். நான் மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான். புர்கா முழுக்கக் குலுங்கியது. "அரே அல்லா! சோகமாவாம்! நானாம்!" ஒரு மணி நேரம் முயன்றார்கள். புருஷனை நினையுங்கள் என்றார்கள். அதற்கு இன்னும் சிரித்தார். கடைசியில் அந்த இரண்டு பேரும் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, மன்னிக்கவும், இவர் சரிப்பட மாட்டார் என்றார்கள்.

கேஜிஎஃப் முழுக்கத் தேடிக் கிடைத்த ஒரே அசல் முஸ்லிம் பெண்மணி போதிய சோகம் இல்லாததால் தள்ளுபடி ஆனார். பக்கத்தில் நின்ற புராட்டஸ்டண்ட்காரி, சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறவள், தேர்வானாள். அம்மீயே தன் புர்காவைக் கழற்றி எனக்குப் போட்டு, பித்தளைப் பட்டனை மாட்டிவிட்டார். அப்புறம் போய்க் கேமராவுக்கு இடது பக்கம் நின்றார்.

நின்றவர் சும்மா நின்றிருக்கலாம். படம் எடுப்பவர் முதுகுக்குப் பின்னால், அவரைப் போலவே குனிந்து, ஒரு கண்ணை மூடி, "சோகம்! இன்னும் சோகம்! போதாது!" என்று வாயசைத்தார். அப்புறம் இரண்டு கையையும் தூக்கி எங்கள் போதகரின் ஆசீர்வாதத்தை ஆரம்பித்தார். சிரித்தால் நானும் தள்ளுபடி ஆவேன், அப்புறம் வந்த வேலை நடக்காது. திரைக்குள் உதட்டைக் கடித்தேன். வயிறு வலித்தது. அடக்கின சிரிப்பெல்லாம் கண்ணுக்கு ஏறி நீராக நின்றது. "அப்படியே! அப்படியே!" என்று படம் எடுப்பவர் கத்தினார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது, பாவம்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மீ சொன்னார், "எம்பொண்ணுக்குத் தெரிஞ்சா என்ன ஊட்டுக்குள்ள சேக்க மாட்டா. அல்லா மேல சத்தியமா சொல்லாதே." நான் ஏசு மேல் சத்தியம் பண்ணினேன். அம்மீ போன பிறகும் சொல்லவில்லை. முதலில் சத்தியம் காரணம். அப்புறம், இத்தனை நாள் சொல்லாததே காரணம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை ராத்திரியும் செவ்வாய்க்கிழமையும் யோசித்தேன். சொன்னால் அட்டையை நிறுத்த அவளுக்கு ஒரு பிடி கிடைக்கும். பாலைவனமும் பொய், பெண்ணும் பொய் என்றால் எந்தப் பதிப்பகமும் கூசும். ஆனால் என்னை அவள் என்ன செய்வாளோ தெரியாது. சொல்லாவிட்டால் அவள் புத்தகத்தை வாபஸ் வாங்கிவிடுவாள், அம்மீ அந்த நோட்டுகளோடு பரணுக்குப் போவார். புதன்கிழமை காலை ட்ரெயினில் சொன்னேன்.

"அந்த அட்டையில கீற பொண்ணு நான்தான்டி."

"வெளையாடாத. தலவலி எனக்கு."

"கழுத்தாண்ட பெருசு பண்ணிப் பாரு."

இரண்டு விரலால் படத்தை விரித்தாள். கறுப்புத் துணியில் பித்தளைப் பட்டன் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தாள். "அப்பா கோட்டுப் பட்டன்," என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். அம்மீயும் வந்திருந்தார் என்ற இடத்திலேயே அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அஞ்சு வருஷமா ஒவ்வொரு ஊடா போய் அம்மீயப் பத்தி பிச்ச கேட்டுகினு கீறேன். பேப்பர்காரன் வரைக்கும் கேட்டேன். நீ எதிர்லியே குந்திகினு, ஒரு முழு நாள வாய்க்குள்ள வச்சிகினு இருந்தியா?"

புர்காவை எடுத்ததற்கு அவள் கோபப்படவில்லை. முஸ்லிமாக நடித்ததற்கும் இல்லை. நான் தயார் பண்ணி வைத்திருந்த சமாதானங்கள் எல்லாம் அவை இரண்டுக்கும்தான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு கம்பார்ட்மெண்டில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு நூலகத்தில் தாவரவியல் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலை வரை அவள் வரவில்லை. எதிர் சீட்டில் என் குடையைப் போட்டு வைத்தேன். எங்கள் ட்ரெயினில் சீட்டில் ஒரு பொருள் கிடந்தால் அது ஆள் உட்கார்ந்த மாதிரிதான், யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாளும் குடைதான் என் எதிரில் பயணம் செய்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நின்றாள். "கொடைய எடு," என்றாள். எடுத்தேன். உட்கார்ந்து போனைக் கொடுத்தாள். புதன்கிழமையே பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறாள்: இது பாலைவனம் அல்ல, தங்கச் சுரங்கக் கழிவு. இது முஸ்லிம் பெண் அல்ல, புராட்டஸ்டண்ட் சபையின் ஆல்டோ. எடிட்டர் அம்மாள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு வேறு அட்டை அனுப்பியிருந்தார். கறுப்புத் துணி, இரண்டு கண்கள், மணல். இந்த முறை அசல் பாலைவனம் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு ஒட்டகம்.

இரண்டு பேரும் ஒட்டகத்தைப் பார்த்தோம்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள். "ஜன்னலாண்ட கூப்பிட்டாங்க இல்ல, அங்கேர்ந்து. ஒண்ணு உடாம சொல்லு."

சொன்னேன். ஆட்டோ, புர்கா குலுங்கினது, தள்ளுபடி ஆனது, போதகரின் ஆசீர்வாதம், எல்லாம். மாலூரில் ஆரம்பித்தது, பங்காரப்பேட்டையில் இன்ஜின் மாற்றி நிற்கும்போதும் முடியவில்லை. "புருஷன நெனைங்கன்னு சொன்னாங்களா?" என்று கேட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், கம்பார்ட்மெண்டே திரும்பிப் பார்த்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து எங்களைத் திட்டினார். அம்மீ சிரிக்கிற அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐந்து வருஷம் ஆகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பழைய அட்டையை எடுத்து அந்தக் கண்களைப் பெரிசாக்கினாள்.

"அப்போ நீ இங்க அம்மீயப் பாத்துகினு கீறே."

"ஆமா."

ஊரிகம் வருவதற்குள் பதில் எழுதி முடித்தாள். ஒட்டகம் வேண்டாம், பழைய அட்டையே இருக்கட்டும். எடுத்த இருபத்தெட்டுப் பக்கமும் திரும்ப வர வேண்டும். சயனைட் மேட்டுக் கதை புதிதாக ஒரு அத்தியாயம். முடியாது என்றால் புத்தகம் வாபஸ். எடிட்டர் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, வேண்டாம் என்றது நீங்கள்தானே என்று கேட்டு எழுதினார். அட்டைக்கு உடனே சரி என்றார்கள். பக்கங்களுக்கு ஒன்றரை மாசம் இழுபறி நடந்து, இருபத்தெட்டில் பத்தொன்பது திரும்பி வந்தது. புது அத்தியாயம் முழுசாக வந்தது. உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: அட்டைப் படம் கோலார் தங்கவயல் சயனைட் மேட்டில் எடுத்தது, உடுப்பு அம்மீயுடையது. என் பெயரைப் போட வேண்டாம் என்றேன். சர்ச் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும்.

போன மாசம் புத்தகம் வந்தது. எங்கள் நூலகத்துக்கும் ஒன்று வாங்கினோம், நான்தான் எண் ஒட்டினேன். மூன்று மேஜை தள்ளி நின்று பார்த்தேன். மற்றவற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. படிக்க எடுத்துப் போன ஒரு லெக்சரர், அட்டையைத் தடவி, எவ்வளவு துயரம் மேடம் இந்தக் கண்ணில் என்றார். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியைச் சொன்னேன்.

முதல் பிரதியை அவள் பிரித்தது ட்ரெயினில்தான். உள்ளே ஒரு பக்கமும் புரட்டவில்லை. அட்டையை மடியில் வைத்து, அந்தக் கண்கள் பார்க்கிற பக்கமாக விரலை நகர்த்திக்கொண்டே போனாள். மணல் முடிந்தது, அட்டையும் முடிந்தது. விரல் ஓரத்தைத் தாண்டி, அவள் சுடிதார் மேல் நின்றது.

"இங்கியா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி," என்றேன்.

விரலைத் தள்ளி வைத்தாள். ஊரிகம் வரும்வரை எடுக்கவில்லை.